திருப்பிப் படுக்க வைத்தவர்

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். உன் அத்தான் படுத்தபடியே சுகம். உன் இருமல் விட்டதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை சோம்பேறித்தனப்பட்டுக் காப்பியிலேயே பொழுதை ஓட்டுகிறாயா? கீழே நின்று உனக்குச் சைகை காட்டுவாரே, உன் கூட்டாளி நெட்டை, அவர் எப்படி இருக்கிறார்? அவரை விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதம் வந்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் உபதேசம். 'உன் பலத்தை நம்பாதே அக்கா, பாரத்தைக் கடவுள்மேல் போடு' என்கிறாய். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு அப்படித்தான் தோன்றும். நீ உட்கார்ந்த இடத்திலேயே நெம்புகோலைத் தள்ளினால் வீட்டளவு பெரிய பெட்டி எழும்பிவிடும். இங்கே எழும்ப வேண்டியது ஓர் ஆள். எழுப்ப இருப்பது என் இரண்டு கைகள்.

வாதம் வந்து விழுந்த பிறகு நீ அத்தானைப் பார்த்தது ஆஸ்பத்திரியில்தான். வீட்டில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இடப்பக்கம், பிறகு மல்லாக்க, பிறகு வலப்பக்கம். கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி, தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை கொடுத்து ஒரே மூச்சில் புரட்ட வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்க வேண்டும். தவறினால் தோல் கன்றிப் புண்ணாகும், புண் எலும்புவரை போகும். மாதம் ஒருமுறை நர்ஸம்மா வந்து உடம்பு முழுக்கப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார். ஒரே ஒரு புண் கண்டாலும் உன் அத்தானைப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அத்தானுடைய அண்ணன் என்னிடம் எழுதி வாங்கியிருக்கிறார். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவருக்கு எல்லாம் புரிகிறது, தம்பி. ஆமாம் என்றால் கண்ணை மூடுவார், இல்லை என்றால் சுவரைப் பார்ப்பார். 'இல்லத்துக்குப் போறீங்களா' என்று ஒருமுறை விளையாட்டுக்குக் கேட்டுவிட்டேன். அன்று முழுக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு நான் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

சலவை நிலையத்தில் ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கித்தான் என் கை இப்படி ஆயிற்று. சின்ன வயதில் நீதானே எனக்குப் பளுதூக்கி என்று பேர் வைத்தாய். இப்போது இஸ்திரி வேலையை வீட்டுக்கே வாங்கிக்கொண்டேன். பக்கத்து அறையில் தேய்த்துக்கொண்டே அவரைக் கவனித்துக்கொள்கிறேன். எனக்கு யார் துணையும் வேண்டாம். நீ கடைசி வரியில் 'தினமும் உனக்காகப் பிரார்த்திக்கும் தம்பி' என்று எழுதுகிறாயே, அது காகிதத்தில் இடம் மீந்துவிட்டதே என்று எழுதுவதுதானே? எழுதிவிட்டுப் போ, எனக்கென்ன நஷ்டம்.

உன் அக்கா, பளுதூக்கி


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. உன் கடிதத்தைப் பார்த்தேன். சுகமாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. காப்பியைக் குறைத்திருக்கிறேன், நீ நம்ப மாட்டாய். அத்தானின் காலைத் தொட்டு நான் கேட்டதாகச் சொல்.

நீ திட்டுவதற்காகவாவது கடிதம் போடுகிறாயே, அது போதும். உன்னோடு வாதாடி ஜெயித்தவர் உலகத்தில் கிடையாது. ஆனாலும் சொல்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும், அக்கா. மனிதக் கை எத்தனை நாளைக்குத் தாங்கும்? காகிதத்தை நிரப்ப நான் எழுதவில்லை. காலையில் ஏணியில் ஏறி, கேபின் கதவைச் சாத்தி, இருக்கையில் உட்கார்ந்ததும் என் முதல் வேலை உனக்கும் அத்தானுக்குமாக வேண்டிக்கொள்வதுதான். அதற்குப் பிறகுதான் நெம்புகோலில் கை வைப்பேன்.

ஒன்று கேட்க வேண்டும். உன் கையெழுத்து ஏன் இப்படிக் கோணிக்கொண்டு போகிறது? நீ எழுதினால் அச்சு மாதிரி இருக்குமே. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

இங்கே வேலை வழக்கம்போல. காற்று அதிகமாக அடித்தால் கிரேனை நிறுத்திவிடுகிறார்கள். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

தினமும் உனக்காகப் பிரார்த்திக்கும் தம்பி


ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நானும் அவரும் நலம். நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். கையெழுத்துக்கு ஒன்றும் இல்லை, பேனா சரியில்லை. உன் கூட்டாளி நெட்டையைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீ பதில் சொல்லவில்லை. சண்டையா? அவரைப்போல ஒரு ஆள் கிடைக்காது என்று நீதான் எழுதுவாய். சின்ன விஷயத்துக்கெல்லாம் முறுக்கிக்கொள்ளாதே.

இங்கே ஒரு வேடிக்கை. போன வாரம் காலையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவரைத் திருப்ப நேரமாகிவிட்டது என்று உள்ளே போனால், ஏற்கெனவே திரும்பிப் படுத்திருக்கிறார். மல்லாக்க விட்டுப் போனவர் இடப்பக்கமாக ஒருக்களித்துக் கிடக்கிறார். முழங்கால் நடுவே தலையணை. நான்தான் செய்துவிட்டு மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. எதிர்வீட்டு அக்காவிடம் அவசரத்துக்கு ஒரு சாவி கொடுத்திருக்கிறேன். அவள்தான் பாவம் பார்த்து வந்து போகிறாள் என்று நினைத்து நேராகவே கேட்டுவிட்டேன். 'எனக்கு என் முதுகையே திருப்பிப் படுக்க முடியல, உங்க வீட்டுக்காரரை நான் எங்கே திருப்புறது' என்று சிரிக்கிறாள். சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நர்ஸம்மாவுக்கு அன்றைக்கு முறையே இல்லை.

அவரிடமும் கேட்டேன். 'நீங்களா திரும்பிக்கிட்டீங்க' என்றேன். சுவரைப் பார்த்தார். 'யாராச்சும் வந்தாங்களா' என்றேன். கண்ணை மூடினார். மூடியவர் திறக்கவே இல்லை, தூங்கிவிட்டார். இவ்வளவு நன்றாக அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

எனக்குத் தெரியாமல் என் வீட்டுக்குள் யார் வருவது? கையில் சிக்கட்டும், அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்குத் தூக்கம் ஏது? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்திருக்கிற ஆளுக்குக் கை பாட்டுக்கு வேலையைச் செய்துவிடும், மனதுக்குத் தெரியாது. நானும் சில நாள் கேபினில் ஒரு பெட்டியை இறக்கிய பிறகு எப்படி இறக்கினேன் என்று யோசித்ததுண்டு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீ அரள்கிறவள் இல்லைதான், ஆனால் களைத்துப் போயிருக்கிறாய். எதற்கும் பின்கதவுப் பூட்டை மாற்றிவிடு.

எனக்கு இப்போது லீவு கிடைக்காது. கிடைத்ததும் வந்து பார்க்கிறேன்.

தினமும் உனக்காகப் பிரார்த்திக்கும் தம்பி


மே 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கூட்டாளியைப் பற்றி இந்தத் தடவையும் நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. சரி, அது உங்கள் பாடு.

பூட்டை மாற்றினேன். முன்கதவு, பின்கதவு, ஜன்னல் கொக்கி எல்லாம் போட்டேன். கட்டிலைச் சுற்றித் தரையில் முகப்பவுடரைத் தூவினேன். நீ சிரித்தாலும் பரவாயில்லை. பிறகு பக்கத்து அறையில் நின்று வழக்கம்போலத் துணி தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் கட்டில் கிறீச்சிட்டது. அந்தக் கட்டில் அப்படிக் கத்துவது அவரைப் புரட்டும்போது மட்டும்தான். இஸ்திரிப்பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் வலப்பக்கமாகத் திரும்பியிருந்தார். பவுடரில் ஒரு கோடுகூட இல்லை.

மெத்தையின் ஓரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. நான் முழங்காலை ஊன்றுவேனே, அந்த இடத்தில். நான் பார்க்கப் பார்க்கவே அது மெல்ல மேலெழும்பிச் சமமாயிற்று. என் முழங்காலை அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன். வந்தவர் முழங்கால் என்னுடையதைவிடத் தள்ளி, தலைப்பக்கமாக ஊன்றியிருந்தது. நல்ல உயரமான ஆளாக இருந்தால்தான் அப்படி ஊன்ற வரும்.

இன்னொன்று. கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு துண்டு இருந்தது. குதிகால் மெத்தையில் படாமல் சற்று உயர்ந்து நிற்கிறது. நான் அப்படி வைத்ததே இல்லை, எனக்குத் தெரியாது. துண்டை நீளவாக்கில் மூன்றாக மடித்து, இறுகச் சுருட்டி, நுனியை உள்ளே செருகியிருந்தது. இழுத்துப் பார்த்தேன், அவிழவில்லை. நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, 'குதிகால்லதான் முதல்ல புண்ணு வரும், யார் உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது' என்றார். நான் என்னத்தைச் சொல்ல? தெரிந்தவர் ஒருவர் என்றேன். உடம்பில் சின்னச் சிவப்புகூட இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. என் வாயால் இதைச் சொல்வேன் என்று நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். ஆனால் ஒன்று யோசித்துப் பார்த்தேன். இது முதலில் நடந்தது காலையில், நீ கிரேனில் ஏறுகிற நேரம். நான் கேலி செய்த உன் கடைசி வரிதான் வேலை செய்கிறதோ என்னவோ.

உன் அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

சுகம். உடனே பதில் எழுத முடியவில்லை.

அந்தத் துண்டைப் பற்றி இன்னும் விளக்கமாக எழுது. மூன்றாகத்தான் மடித்திருந்ததா? நுனியைச் செருகியது இடது பக்கமா, வலது பக்கமா? நீயே எப்போதாவது கைப்போக்கில் அப்படி மடித்திருப்பாயா? நான் எப்போதாவது உனக்கு அதைப் பற்றி எழுதியிருக்கிறேனா? பழைய கடிதங்கள் இருந்தால் பார்.

அத்தானைத் தனியாக விடாதே. துணி தேய்க்கிறதை அந்த அறையிலேயே வைத்துக்கொள். எதிர்வீட்டு அக்காவைப் பகலில் உன்னோடு வந்து இருக்கச் சொல். தயவுசெய்து சொன்னதைக் கேள்.

தம்பி


ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் அரைப்பக்கம்கூட இல்லை, அவசரமாக எழுதியதுபோல இருந்தது. கடைசி வரியையும் காணோம். மறந்திருப்பாய், போகட்டும்.

துண்டின் நுனி இடது பக்கம் செருகியிருந்தது. நீ அதைப்பற்றி எனக்கு எழுதியதே இல்லை. ஒரு துண்டுக்கு இத்தனை விசாரணையா?

உனக்கு இனிமேல் மறைத்துப் பிரயோசனமில்லை. என் கையெழுத்தைப் பற்றிக் கேட்டாயே, அது பேனா இல்லை. பிப்ரவரியிலேயே வலதுகை மரத்துப்போக ஆரம்பித்துவிட்டது. முதலில் விரல்கள், பிறகு முழங்கைவரை. கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது, பாரம் தூக்கியே வந்தது என்கிறார் டாக்டர். இஸ்திரிப்பெட்டியை இடதுகையால்தான் பிடிக்கிறேன். மார்ச்சில் உனக்கு அவ்வளவு வாய்ச்சவடால் எழுதினேனே, அன்றைக்கே அவரைப் புரட்ட மூன்று நாலு தடவை முட்டி மோத வேண்டியிருந்தது. அழுதுகொண்டேதான் புரட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவருடைய அண்ணன் மறுநாளே வண்டியோடு வந்து நிற்பார்.

ஏப்ரல் பாதிக்குமேல் நான் அவரைத் திருப்பவே இல்லை. என்னால் முடியாது. அதாவது, உனக்குப் புரிகிறதா, இத்தனை நாளும் அவரைத் திருப்பியது நான் இல்லை.

நீ சொன்னபடி அந்த அறையிலேயே உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடப்பதில்லை. நேரம் தாண்டிப் போயிற்று, அவருக்கு முதுகு எரிய ஆரம்பித்துவிட்டது, முகத்தைப் பார்த்தே தெரிந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தேன். உடனே பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. போர்வை உதறுகிற சத்தம், தலையணையைத் தட்டுகிற சத்தம். நான் திரும்பவில்லை.

இப்போது அதுவே பழக்கமாகிவிட்டது. நேரமானதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். அவருடைய அண்ணன் போன வாரம் வந்து, புண்ணைத் தேடுகிறவர்போல அவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டு, 'நல்லாத்தான் பார்த்துக்கிறே' என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் எங்கே பார்த்துக்கொள்கிறேன்?

உன் வரியை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன், தம்பி. விட்டுவிடாதே.

உன் அக்கா


ஜூலை 26

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. உடம்பு சரியில்லையா? ஏதாவது கோபமா? ஒரு வரி எழுதினாலும் போதும், சுகம் என்று மட்டும் எழுது. இங்கே எல்லாம் அப்படியே நடக்கிறது.

உன் அக்கா


ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

சுகமில்லை. அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தைப் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுதினால் உன் நம்பிக்கை போய்விடும். எழுதாவிட்டால் ஒன்றுமில்லாததை நம்பி அத்தான் உயிரை வைத்திருக்கிறாய். எது பெரிய பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் உனக்காகப் பிரார்த்திக்கவில்லை. ஒருநாள்கூட இல்லை. ஜனவரியிலிருந்து நான் யாரிடமும் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

நெட்டை செத்துப்போனான், அக்கா. ஜனவரியில். ஒவ்வொரு கடிதத்திலும் நீ விசாரிப்பாய், நான் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவேன். நான் மேலே ஒரு பெட்டியைத் தூக்கியிருந்தேன், அவன் கீழே நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான். கம்பிக்கயிறு அறுந்தது. என்மேல் குற்றமில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். ஆனால் நெம்புகோலில் இருந்தது என் கை. அன்று காலையிலும் கேபினில் உட்கார்ந்து, கீழே நிற்கிறவனைப் பார்த்துக்கொள் என்று வேண்டிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். வேண்டி என்ன ஆயிற்று?

அதற்குப் பிறகு நான் மேலே ஏறவே இல்லை. ஏணியில் கால் வைத்தால் முதல் படியிலேயே இறங்கிவிடுகிறேன். வாசலில் லாரிகளுக்கு எடை போடுகிறேன். உனக்கு எழுதிய உபதேசமெல்லாம் பழக்கதோஷம். கடைசி வரியும் அப்படித்தான். என்னிடம் இல்லாததை உனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது துண்டுக்கு வருகிறேன். கம்பிக்கயிறு பெட்டியின் மூலையை அறுக்காமல் இருக்க நடுவில் சாக்கை வைப்போம். எல்லோரும் அப்படியே சொருகிவிடுவார்கள். நெட்டை மட்டும் சாக்கை நீளமாக மூன்றாக மடித்து, சுருட்டி, இடது பக்கம் நுனியைச் செருகி வைப்பான். 'சரக்குக்கும் நோகும்டா' என்பான். அந்த மடிப்பை வேறு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. துறைமுகத்திலேயே உயரமான ஆள் அவன்தான்.

உன் வீட்டுக்கு வருவது யாராக இருந்தாலும் என் பிரார்த்தனைக்கு வந்தது இல்லை. என்மேல் இருக்கிற கோபத்தில் என் வீட்டாரைத் தேடி வந்திருக்கிறானோ என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. இன்று நல்லது செய்கிறவன் நாளைக்கு என்ன செய்வானோ. சுவரைப் பார்த்து உட்காராதே. ஆள் வைத்துக்கொள், நான் ஏற்பாடு செய்கிறேன். முடியாவிட்டால் அத்தானை இல்லத்துக்கே அனுப்பிவிடு.

இப்படி எழுதுகிறவனைத் தம்பி என்று சொல்லிக்கொள்ள உனக்கு இஷ்டமிருந்தால்,

தம்பி


ஆகஸ்ட் 27

என் தம்பிக்கு,

இஷ்டம் இருக்கிறது. முட்டாள். அத்தான் சுகம். நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

ஏழு மாதமாக இதை ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறாய். என்னைப் போய்ப் பிடிவாதக்காரி என்பாய். நெட்டையை நான் பார்த்ததில்லை. ஆனால் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சொந்த மனிதர் செத்ததுபோல அழுதேன்.

அழுது முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. கேட்டவரே இல்லை என்றால் வருகிறவர் யார்? அன்று என்னால் சுவரைப் பார்த்து உட்கார முடியவில்லை. நானே புரட்டிவிடுகிறேன் என்று இறங்கினேன். இடதுகையைக் கொடுத்துத் தள்ளினேன். தலையைக் கொடுத்து முட்டினேன். அவர் ஒரு விரற்கடை நகர்ந்தார், திரும்பவும் அப்படியே சரிந்துவிட்டார். இரண்டு பேருக்கும் வியர்த்து ஊற்றியது. அவர் வாயோரம் எச்சில் வழிந்தது, அதைத் துடைக்கக்கூட என் கை மேலே வரவில்லை. தரையில் உட்கார்ந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, 'தம்பிகூடக் கேக்கலையாம். யாருமே கேக்கலை. அப்புறம் யாருங்க வர்றது' என்று கத்தினேன்.

நிமிர்ந்து பார்த்தால் அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். திறந்தார், என்னை நேராகப் பார்த்தார், மறுபடி மூடினார். நான் ஆமாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி எதுவும் கேட்கவில்லையே என்று நினைத்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

'நீங்களா?' என்றேன். மூடினார். 'நீங்களா கேட்டுக்கிட்டிருந்தீங்க?' மூடினார். 'உங்களுக்காகவா?' சுவரைப் பார்த்தார். 'எனக்காகவா?' கண்ணை மூடினார், தம்பி. ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

உன் அத்தான் எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும். பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்து, 'நட்டு போல்ட்டு கழண்டா நாமதான் முடுக்கணும், சாமியா வந்து முடுக்கும்' என்று உன்னையே கிண்டலடித்தவர். நான் கைவலியில் அழுததெல்லாம் அவர் தலைக்கு மேலேதானே நடந்திருக்கிறது? யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார். சுண்டுவிரலை அசைக்க முடியாது, ஒரு வார்த்தை பேச முடியாது. அவரால் வேறு என்ன செய்ய முடியும்? வெறுங்கை முழம் போடுமா என்பார்கள். கையே இல்லாதவர் போட்டிருக்கிறார். உனக்குப் பக்தி இருந்தது, எனக்குப் பலம் இருந்தது. இரண்டும் இல்லாத மனிதர் கேட்டது கேட்கப்பட்டிருக்கிறது.

பிறகு உனக்காகக் கேட்டேன். 'வர்றவர் ரொம்ப உயரமா?' மூடினார். 'தம்பிமேல கோபமா வர்றாரா?' சுவரைப் பார்த்தார். எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னொருமுறை சுவரைப் பார்த்தார். 'தம்பிக்காகவும் கேக்குறீங்களா?' மூடினார். வெகுநேரம் திறக்கவே இல்லை.

நான் எழுந்து போய் நாற்காலியைத் திருப்பிப்போட்டேன். உட்கார்ந்தேன். கட்டில் கிறீச்சிட்டது.

நர்ஸம்மாவிடம் என் கையைக் காட்டிவிட்டேன். இனி மறைக்கப் போவதில்லை. 'அப்போ இவரைத் திருப்புறது யாரு' என்றார். 'ஆள் வருது' என்றேன். அவர் உடம்பு முழுக்கப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், ஆள் வருகிறது என்று எழுதிக்கொண்டு போனார்.

நீ வேண்டிக்கொள்ளாவிட்டால் பரவாயில்லை. வராத வார்த்தையை இழுத்து வைத்து எழுதாதே. இங்கே ஒருவர் உனக்காகவும் சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

உன் அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

சுகம். இதை இன்று உண்மையாகவே எழுதுகிறேன்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எடை மேடையில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். நேற்று காலை மேற்பார்வையாளரிடம் போய், மேலே ஏறிப் பார்க்கிறேன் என்றேன். 'முடியுமாய்யா' என்றார். 'முடியாது, ஏறிப் பார்க்கிறேன்' என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். நான் இறங்கிய பிறகு அந்தக் கிரேனை யாருக்கும் கொடுக்கவில்லை. ஜனவரியிலிருந்து கேபின் பூட்டியே கிடக்கிறது.

ஏணியில் பாதி தூரத்தில் கால் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினேன். முன்பெல்லாம் எத்தனை அழகழகான வார்த்தை வரும் எனக்கு. ஒன்றுகூட வாயில் இல்லை. 'என்னால முடியல' என்று மட்டும் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியாது. வாழ்நாளில் நான் பொய் கலக்காமல் வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு மேலே இருந்தேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதே, எனக்கு நினைவில்லை.

பூட்டு துருப்பிடித்திருந்தது, தட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே எல்லாவற்றிலும் தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. கண்ணாடியில், தரையில், நெம்புகோல் பிடியில். கடல்பக்கம் இன்னும் வெயில் ஏறவில்லை, கேபின் குளிர்ந்து கிடந்தது.

இருக்கையில் மட்டும் தூசி இல்லை. கையை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. யாரோ எனக்காக இடம் பிடித்து வைத்திருந்து, அப்போதுதான் எழுந்து வழிவிட்டதுபோல.

நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, அக்கா. உட்கார்ந்தேன்.

உங்கள் தம்பி